மேஸ்திரிக்கு ஒரு வீடு

மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலம்தானே. நான் உயிரோடு இருக்கிறேன். அதற்கு மேல் கேட்காதே.

போனை அணைத்து அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டேன். நீ பத்துத் தடவையாவது கூப்பிட்டிருப்பாய். அதைத் திறந்தால் பதினாலு பேருடைய "மனசு கஷ்டமா இருக்கு"ம், "தப்பா எடுத்துக்காதீங்க"வும் வந்து கொட்டும். அதனால்தான் கடிதம்.

நேற்று என்னைக் காப்பகத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். பிரசவ வார்டு நர்ஸ் வேலையை விட்டுவிட்டு, மூடிக்கிடந்த மரவாடியை வாடகைக்குப் பிடித்து, மூன்று நாய்களோடு நான் ஆரம்பித்த காப்பகம். ஒன்பது வருஷம் ஆகிறது. போன வருஷம் தொண்டு செய்கிறேன் என்று வந்து சேர்ந்தாளே, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, எச்.எம். என்று நாம் சிரிப்போமே, அவள் இப்போது தலைவி.

பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். தொண்டுக்கு வருகிறவர்கள் பதினாலு பேர் கையெழுத்துப் போட்ட புகாரை, அவர்களில் ஒருத்தியான மருந்துக்கடைப் பெண் எழுந்து நின்று வாசித்தாள். நான் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேனாம். போட்டோ எடுக்க வந்தவனின் ஸ்டாண்டைத் தெருவில் வீசினேனாம். வீசினேன்தான். காலில் எலும்பு தெரியக் கிடந்த குட்டியை, "கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திருப்புங்க" என்றான் அவன். மருந்துக் கணக்கு, கடித்தது, பிடித்தது எதையும் எழுதி வைப்பதில்லை, எல்லாம் என் மண்டைக்குள்ளேயே இருக்கிறது என்பது இன்னொரு குற்றம்.

"நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாள் எச்.எம்.

"நாலு மணிக்கு மருந்து குடுக்கணும். இப்ப மணி நாலே கால்" என்றேன்.

மருந்து கொடுக்க ஒருத்தரும் எழுந்து போகவில்லை. பிறகு கை தூக்கச் சொன்னார்கள். மருந்துக்கடைப் பெண்ணுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தது நான். அந்தக் கைதான் முதலில் மேலே போனது.

சாவியை வாங்கிக்கொண்டு, "உங்க சேவைய நாங்க மறக்கவே மாட்டோம்" என்றாள் எச்.எம். மறக்க விடமாட்டேன்.

உன் அக்கா


மார்ச் 12

என் அன்பு அக்காவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க எனக்குத் தையல் ஓடவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்துத் தைக்கும்போது உன் எச்.எம்.மைத் திட்டிக்கொண்டே பிரித்தேன்.

உன் மேல் தப்பே கிடையாது என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் நீ போன வருஷம் இங்கே நாலு நாள் இருந்துவிட்டுப் போனபோது, துணி மடித்த விதம் சரியில்லை என்று என்னிடம் வேலை செய்கிற பெண்ணை அழ வைத்துவிட்டுத்தான் போனாய். அவள் இப்போதும் "பெரியம்மா வர்றாங்களா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் லீவு போடுகிறாள். கோபப்படாதே. நான் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

இங்கே வந்து ஒரு மாதம் இரு. பள்ளிச் சீருடை ஆர்டர் முந்நூறு வந்திருக்கிறது. பித்தான் தைக்கலாம். பித்தான் உன்னை எதிர்த்துப் பேசாது. குட்டிக்கு ஏழு வயசாகிறது, நீ அவளைப் பார்த்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். நாய்களுக்குக் கொடுத்த நேரத்தில் கால்வாசியை எங்களுக்குக் கொடுத்திருந்தால் நான் குறையே சொல்லமாட்டேன்.

அவரும் உன்னை விசாரித்தார்.

உன் தங்கை


மார்ச் 20

அன்புத் தங்கைக்கு,

பித்தான் தைக்க நான் வரவில்லை. எனக்கு இங்கே வேலை வந்துவிட்டது.

அந்த எச்.எம். ஒரு புதுக் கட்டடம் கட்டிக்கொண்டிருக்கிறாள். நூறு நாய்க்கு இடம். ஜூன் ஒன்றாம் தேதி திறப்பு விழா. பெரிய மனிதர்கள் வந்து கூண்டு கூண்டாகப் பார்த்து உச்சுக்கொட்டப்போகிறார்கள். மேடை போட்டு, போட்டோக்காரன் படம் எடுத்து, நடுவில் அவள் நிற்பாள். பாவப்பட்ட நாய்தான் அவளுக்கு மூலதனம்.

அந்த நாய்கள் அங்கே இருக்கக் கூடாது.

யோசித்துப் பார். இப்போது நாற்பத்தொன்று இருக்கின்றன. திறப்பு விழா முடிகிறவரை புது நாய் சேர்ப்பதில்லை என்று அவளே சட்டம் போட்டுவிட்டாள். படிவம் நிரப்பி, வீட்டைக் காட்டுகிறவர் யாராக இருந்தாலும் நாயைக் கொடுத்துவிட வேண்டும் என்பதும் அவள் போட்ட சட்டம்தான். நான் இருந்தபோது யாருக்கு எது பொருந்தும் என்று பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்பேன். "தனி நபர் விருப்பு வெறுப்பு" என்று அதையும் புகாரில் எழுதியிருந்தார்கள். சரி, சட்டப்படியே நடக்கட்டும்.

ஒன்பது வருஷத்தில் நாய் வேண்டும் என்று என்னிடம் கேட்டவர்கள் எல்லோரும் எனக்கு ஞாபகம் இருக்கிறார்கள். வீடு வீடாகப் போகிறேன். "பின்கூண்டில் வெள்ளையாக ஒன்று இருக்கிறது, பவுடர் என்று பேர், உங்கள் வீட்டுக்கென்றே பிறந்தது. போய்க் கேளுங்கள். என் பேரைச் சொல்லாதீர்கள்" என்கிறேன். காப்பகத்து வண்டிக்காரர் மட்டும் என் பக்கம். தெருவில் அடிபட்டதை அவர் நேராக டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார்.

பத்து நாளில் ஆறு போய்விட்டன. ஆறு வருஷமாகக் கிடந்த பவுடருக்கே வீடு கிடைத்துவிட்டது. ஒன்பது வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் வேலை செய்ததில்லை.

உன் அக்கா


ஏப்ரல் 3

என் அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தை அவருக்கும் வாசித்துக் காட்டினேன். "உங்கக்காவுக்குக் கோவம் வந்தா நாய்ங்களுக்கு நல்ல காலம் பொறக்குது" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்புதான். பழி வாங்குகிறேன் என்று ஒருத்தி ஊரிலிருக்கிற நாய்க்கெல்லாம் வீடு பார்த்துக் கொடுப்பதை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை.

ஒன்று கேட்கட்டுமா? இதை ஏன் நீ முன்னாடியே செய்யவில்லை? ஆறு வருஷமாகக் கூண்டில் கிடந்த பவுடருக்கு நீ அங்கே இருந்தவரை வீடு கிடைக்கவில்லை, நீ வெளியே வந்து இரண்டு வாரத்தில் கிடைக்கிறது. குத்திக்காட்டவில்லை. தோன்றியதைக் கேட்டேன்.

குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. பெரியம்மாவுக்குக் காட்டவேண்டும் என்று காகிதத்தில் சுருட்டி வைத்திருக்கிறாள்.

சாப்பிடுகிறாயா?

உன் தங்கை


மே 2

அன்புத் தங்கைக்கு,

நீ கேட்டதற்குப் பதில்: அப்போது எந்த வீடும் எனக்குத் திருப்தியாக இல்லை. இப்போது அதைப் பார்க்க நேரம் இல்லை.

இன்னும் ஐந்துதான் பாக்கி. நம்பவே மாட்டாய். எச்.எம். முழி பிதுங்கி நிற்கிறாளாம். வண்டிக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். கூண்டுக்கு ஒரு ஆள் என்று அட்டவணை போட்டிருந்தாள், இப்போது நாயை விட ஆள் அதிகம். ஒரே நாயை இரண்டு பேர் குளிப்பாட்டப் போய், "இது என் நாள்", "இல்ல, என் நாள்" என்று குழாயடியில் சண்டை. போட்டோக்காரன் கோபித்துக்கொண்டு விலகிவிட்டான். மருந்துக்கடைப் பெண் கழுவின கூண்டையே திரும்பக் கழுவிக்கொண்டிருக்கிறாளாம். நன்றாகக் கழுவட்டும்.

நாலு நாய்க்கு ஆள் பேசிவிட்டேன். மிஞ்சுவது மேஸ்திரி ஒன்றுதான். உனக்குத் தெரியாது. பழுப்பு நிறம், அகலமான தலை, காலையில் எழுந்ததும் எல்லாக் கூண்டையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவான், வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. அதனால் அந்தப் பேர். நீக்கப்பட்டவர்கள் ஒரு வருஷத்துக்கு நாய் எடுக்கக் கூடாது என்று எச்.எம். எழுதி வைத்துவிட்டாள், அதனால் நான் எடுக்க முடியாது. என் பேர் வராத ஒரு வீடு வேண்டும்.

நீ எடுத்துக்கொள். உன் வீட்டுக்குச் சுற்றுச்சுவர் இருக்கிறது. வண்டிக்காரரே கொண்டுவந்து விடுவார். கூண்டுகள் காலியாக நிற்க, ஒரே ஒரு நாயை மேடையில் நிறுத்திவைத்து அவள் பேசிவிட்டால் நான் இத்தனை நாள் நடந்ததெல்லாம் வீண்.

உன் அக்கா


மே 9

என் அன்பு அக்காவுக்கு,

நாய் வளர்த்துப் பழக்கமில்லாத வீடு இது என்று உனக்கே தெரியும். சின்ன வயசில் தெருமுனையில் நாய் நின்றால் உன் பின்னால் ஒளிந்துகொண்டு நடப்பேன். ஆனால் நீ இதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தபோதும், மெஷின் வாங்கித் தந்தபோதும், பதிலுக்கு ஒரு வேலைகூடச் சொன்னதில்லை. அதனால் சரி என்கிறேன். அவரும் சரி என்கிறார். குட்டி இப்போதே படுக்கைக்கு இடம் பார்த்துவிட்டாள், வெட்டுமேஜைக்கு அடியில்.

எச்.எம். நாளை போனிலேயே வீட்டைக் காட்டச் சொல்லியிருக்கிறார். நான் உன் தங்கை என்று சொல்லவில்லை. பொய் சொல்வது ஒரு மாதிரி இருக்கிறது.

ஒன்றே ஒன்று மட்டும் சொல். அது கடிக்குமா? வீட்டில் குழந்தை இருக்கிறது. உள்ளதைச் சொல்லிவிடு, கடிக்கும் என்றால் அதற்குத் தகுந்த மாதிரி பார்த்துக்கொள்கிறேன்.

உன் தங்கை


மே 14

அன்புத் தங்கைக்கு,

கடிக்கிற நாயையா உன்னிடம் அனுப்புவேன்?

வேளைக்குச் சோறு வை, சாயங்காலம் ஒரு நடை நடத்து. வேறு ஒன்றும் வேண்டாம். சீக்கிரம் கையெழுத்துப் போட்டு அனுப்பு, நாள் நெருங்குகிறது.

உன் அக்கா


மே 27

என் அன்பு அக்காவுக்கு,

மேஸ்திரி வந்து ஐந்து நாள் ஆகிறது. முதல் நாள் வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தான். சமையலறையில் கொஞ்சம் நின்றான். மெஷினைப் பார்த்தான். பிறகு மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். சத்தம் போடவே இல்லை. மெஷின் ஓடும்போது என் பாதத்தின் மேல் தாடையை வைத்துக்கொள்கிறான். மிதிக்கும்போது அவன் தலையும் சேர்ந்து ஆடுகிறது.

பயம் விட்டுவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் இத்தனை வருஷம் நீ எதற்காக எங்களை விட்டுவிட்டு அங்கேயே கிடந்தாய் என்பது கொஞ்சம் புரிகிறது.

சீருடை நூற்றுப் பத்து முடிந்தது. நீ விழா முடிந்ததும் கிளம்பி வா. இனி உனக்கு அங்கே என்ன வேலை?

உன் தங்கை


ஜூன் 2

அன்புத் தங்கைக்கு,

நேற்றுப் புதுக் கட்டடத்துக்கு எதிர்ப்பக்கம் பஞ்சர் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முழுவதையும் பார்த்தேன். மைக் வைத்திருந்ததால் ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை. தப்பியிருக்கலாம்.

கதவைத் திறந்தார்கள். உள்ளே வரிசையாகக் கூண்டுகள், டெட்டால் வாசம் தெரு வரைக்கும் வந்தது, ஒரு நாய்கூட இல்லை. வந்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முன்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர், "எங்கம்மா நாய்ங்க?" என்று கேட்டார். இந்த ஒரு கேள்விக்காக மூன்று மாதம் செருப்புத் தேய நடந்திருக்கிறேன்.

எச்.எம். மைக்கை வாங்கினாள். பிறகு, "எல்லாத்துக்கும் வீடு கெடச்சிருச்சுங்க. நாப்பத்தொண்ணுக்கும்" என்றாள்.

கை தட்டினார்கள். அப்படி ஒரு கைதட்டல். சில பேர் எழுந்து நின்றே தட்டினார்கள். ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பஞ்சர் கடைக்காரரும் கையில் இருந்த டியூபைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்.

நான் தேடின வீடுகள். நான் ஏறி இறங்கின படிகள். அவளுக்குக் கைதட்டல்.

இத்தோடு விடப்போவதில்லை. அந்தக் கட்டடத்தில் என்னென்ன விதிமீறல் இருக்கிறது என்று கேட்டு எழுதப்போகிறேன். கழிவுநீர் எங்கே போகிறது என்று பார்த்து வைத்திருக்கிறேன். அவள் அந்த நாற்காலியில் நிம்மதியாக ஒரு வருஷம் உட்காரக் கூடாது.

மேஸ்திரி எப்படி இருக்கிறான்? பதில் போடு.

உன் அக்கா


ஜூன் 24

அக்காவுக்கு,

இதைச் சொல்வது நான், எழுதுவது அவர். என் வலது கையில் கட்டு இருக்கிறது.

நீ ஜூன் இரண்டாம் தேதி எழுதின கடிதம் நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வந்தது. நூல்கண்டு ஒன்று உருண்டு மேஜைக்கு அடியில் போனது. எடுப்பதற்குக் குனிந்து கையை நீட்டினேன். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அவ்வளவுதான் நடந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் போகிற நரம்பு அறுந்துவிட்டது. ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். விரல் மடங்குமா என்பது ஆறு மாதம் போன பிறகு தெரியும், கத்தரி பிடிப்பதை மறந்துவிடுங்கள் என்றார் டாக்டர். பாக்கிச் சீருடைகளை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டார்கள். குட்டி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இப்போது மேஜை பக்கமே வருவதில்லை.

காப்பகத்துக்கு அவர்தான் போன் செய்தார். மறுநாளே எச்.எம். பஸ் ஏறி வந்துவிட்டார். கூட அந்த மருந்துக்கடைப் பெண்ணும். நான் யார் என்பதை அப்போதுதான் சொன்னேன். எச்.எம். கோபப்படவில்லை. "மூணாவது ஆள் வந்தப்பவே இது உங்கக்கா வேலைன்னு தெரியும்மா. நாய்க்கு வீடு கெடைக்குதேன்னு பேசாம இருந்துட்டேன். ஆனா இந்த நாயப் பத்தி எங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது. அது கூண்டுக்குள்ள உங்கக்கா ஒருத்தங்கதான் போவாங்க. ஏன்னு நானாவது கேட்டிருக்கணும்" என்றார்.

ஏன் என்று மேஸ்திரியை ஏற்றிப்போக வந்த காப்பகத்து வண்டிக்காரர் சொன்னார். படுத்திருக்கும்போது மேலே இருந்து கை வந்தால் அவன் கடிப்பான். உன்னையே மூன்று தடவை கடித்திருக்கிறான். போன வருஷம் வந்தபோது உன் மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தாய். என்னவென்று கேட்டதற்குத் தகரம் கிழித்துவிட்டது என்றாய்.

நான் உன்னிடம் நேராகத்தான் கேட்டேன். கடிக்குமா என்று கேட்டேன். நீ இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. என்னைத் திருப்பிக் கேள்வி கேட்டாய். அந்தக் கடிதத்தை அவர் நாலு தடவை வாசித்துக் காட்டினார். அதில் பொய்யே இல்லை அக்கா. எவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறாய்.

"கையை மேலே இருந்து நீட்டாதே" என்று ஒரு வரி போதும். அதை எழுதினால் நான் எடுக்கமாட்டேன் என்று பயந்தாய். எடுத்திருப்பேன். நீ கேட்டதனால் எடுத்திருப்பேன்.

மருந்துக்கடைப் பெண் இங்கே பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கி, ஒரு வாரம் தினமும் வந்து கட்டு மாற்றிவிட்டாள். வலிக்காமல் எடுக்கிறாள். யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டேன். "உங்கக்காதான்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கைதான் முதலில் மேலே போனது என்று எழுதினாயே, அது தூக்கவேண்டிய கைதான் என்று எனக்கு இப்போது படுகிறது.

மேஸ்திரியை ஊசி போட்டுக் கொன்றுவிடலாம் என்று பக்கத்து வீடுகளில் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் தூங்கிக்கொண்டிருந்தான், அவன் மேல் என்ன தப்பு? எச்.எம். அவனைத் திரும்ப அழைத்துக்கொண்டு போய்விட்டார். புதுக் கட்டடத்துக்கு முதல் நாயை அனுப்பியது நீதான்.

நீ இங்கே வரவேண்டாம். கடிதமும் போடவேண்டாம். போட்டால் அவர் வாங்கி வைப்பார், நான் வாசிக்கச் சொல்லமாட்டேன். நீ எனக்குச் செய்ததை எல்லாம் நான் மறக்கவில்லை. அதனால்தான் இதைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகவில்லை. நமக்குள் இனி அவ்வளவுதான்.

(கீழே இருக்கிற கிறுக்கல் அவளுடைய இடது கைக் கையெழுத்து.)


ஜூலை 6

அன்புத் தங்கைக்கு,

நீ வாசிக்கமாட்டாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். மாப்பிள்ளை, நீங்களும் பிரிக்கவேண்டாம் என்றால் பிரிக்கவேண்டாம்.

அவன் மாறிவிட்டான் என்று நினைத்தேன் என்று ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துப் போட்டேன். நீ அதட்டிப் பேசுகிறவள் இல்லை, உன்னிடம் அமைதியாக இருப்பான் என்று நம்பினேன் என்று இன்னொன்று. அதையும் கிழித்தேன். நான் எதையும் நினைக்கவில்லை, நம்பவில்லை. ஜூன் ஒன்றாம் தேதிக்குள் அந்தக் கூண்டு காலியாக வேண்டும் என்பது மட்டும்தான் என் மண்டையில் இருந்தது. உன் கை அதில் இல்லை.

நேற்று எச்.எம்.மிடம் போனேன். வாசலிலேயே நிற்கவைத்தாள். மேஸ்திரி நாலு நாளாகச் சாப்பிடவில்லை என்று வண்டிக்காரர் சொல்லியிருந்தார். கூண்டுக்குள் போக யாருக்கும் தைரியம் இல்லை. நான் போகிறேன் என்றேன்.

"படிவம் நிரப்புங்க. செவ்வாய், வெள்ளி வரலாம். சத்தம் போட்டீங்கன்னா அன்னிக்கோட கடைசி" என்றாள்.

அவளை நான் மன்னிக்கவில்லை. படிவத்தை நிரப்பும்போது பேனா காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போனது, வேறொன்று கேட்டு வாங்கி நிரப்பினேன். பிறகு மேஸ்திரிக்கு ஒரு அட்டை கொடுத்து, "தெரிஞ்சதெல்லாம் எழுதுங்க" என்றாள். எழுதினேன். எப்போது கடிப்பான், எப்படிக் கை நீட்டவேண்டும், யார் யாரைக் கடித்திருக்கிறான் என்று எல்லாம் எழுதினேன். மூன்று தடவை என்னை. நாலாவதாக, "என் தங்கையை, வலது கையில்" என்று எழுதிவிட்டு அவளிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டுக் கூண்டில் மாட்டினாள்.

கட்டைவிரலைத் தினமும் வெந்நீரில் வைத்து மெதுவாக மடக்கச் சொல். வலித்தாலும் விடவேண்டாம். நான் நர்ஸாகச் சொல்கிறேன்.

கொஞ்சமாவது மடங்குகிறதா? மாப்பிள்ளை, நீங்கள் ஒரு வார்த்தை எழுதிப் போட்டால் போதும்.

அக்கா